கங்காணியும் பங்குதாரரும்: கண்ணன் தேவன் மலைத் தோட்டங்களில் வேலை அமைப்பின் கலப்பு வடிவங்கள்

முன்னுரை

கேரள மாநிலம் இடுக்கி மாவட்டத்தில், தமிழ்நாட்டின் தேனி, திருப்பூர் மாவட்டங்களை ஒட்டி அமைந்துள்ளது கண்ணன் தேவன் மலைப்பகுதி. மூணாற்றை நடுவாகக் கொண்ட இப்பகுதியின் தேயிலைத் தோட்டங்களில் நூறாண்டுகளுக்கும் மேலாக உழைத்து வருவோருள் பெரும்பான்மையர் தமிழர். பாலக்காடு மாவட்டத்து நெல்லியாம்பதி முதல் இடுக்கி மாவட்டத்துப் பீர்மேடு வரை நீளும் மலைத்தோட்ட வாழ்வின் ஒரு பகுதியாக இது அமையினும், வேலை அமைப்பு முறை என்னும் நோக்கில் கண்ணன் தேவன் மலைக்குத் தனியிடம் உண்டு. 2005ஆம் ஆண்டில் இம்மலையின் பெரும்பாலான தோட்டங்கள், அவற்றில் பணிபுரிவோரே பெரும்பான்மைப் பங்குகளை உடைய ஒரு நிறுவனத்தின் கைக்கு வந்தன. பத்தாண்டுகள் கழித்து, 2015இல், அப்பங்குகளை உடைய பெண் தொழிலாளரே அந்நிறுவனத்தை எதிர்த்து ஒன்பது நாள் வேலைநிறுத்தம் செய்தனர்.

தமது நிறுவனத்துக்கு எதிராகத் தாமே போராடும் நிலை எவ்வாறு உருவாயிற்று என்னும் வினாவுக்கு, 2005க்குப் பிந்தைய நிகழ்வுகளை மட்டும் நோக்கின் முழுமையான விடை கிட்டாது. கங்காணி முறை தொடங்கி இம்மலையில் நிலவிய வேலை அமைப்புகள் யாவும் கலப்பு வடிவங்களே. முரண்படும் இலக்குகளை ஒரே அமைப்புக்குள், பல வேளைகளில் ஒரே ஆளுக்குள், சேர்த்து வைத்து இயங்கியவை அவை. அவ்வடிவங்களின் வரலாற்றையும், அவற்றில் சமநிலை யார் பொறுப்பாக இருந்தது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

மலை உரிமையும் தோட்டத் தோற்றமும்

1877 ஜூலை 11 அன்று பூஞ்ஞாறு அரசர் இம்மலைப்பகுதியை ஜான் டேனியல் மன்றோ என்பாருக்கு ஆண்டுக் குத்தகைக்கு வழங்கினார். அஞ்சுநாட்டுப் பகுதியைச் சார்ந்த கண்ணன் தேவன் என்னும் தலைவன் பெயரால் மலை வழங்கப்பெற்றது என்பது செவிவழி மரபு. 1879இல் வடதிருவிதாங்கூர் நிலத் தோட்ட வேளாண்மைச் சங்கம் அமைந்தது. தொடக்கத்தில் காப்பி, சிங்கோனா முதலிய பல பயிர்கள் முயன்று பார்க்கப்பெற்றன. 1890களின் நடுப்பகுதியில் ஸ்காட்லாந்தைச் சார்ந்த பின்லே குழுமம் இப்பகுதிக்குள் நுழைந்தது. 1897இல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் கம்பெனி உருவாகியது. அதன்பின் தேயிலையே மலையின் பயிராயிற்று.

தேயிலை ஆண்டு முழுவதும் கைகளை வேண்டும் பயிர். கொழுந்து உரிய நாளில் கிள்ளப்படாவிடில் முற்றிவிடும். கிள்ளிய கொழுந்து அன்றே ஆலைக்குச் செல்லல் வேண்டும். எனவே மலையிலேயே குடியிருக்கும் நிலையான உழைப்பாளர் கூட்டம் தேவைப்பட்டது. திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் ஆகிய மாவட்டங்களின் சிற்றூர்களிலிருந்து, பெரும்பாலும் நிலமற்ற ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சார்ந்த குடும்பங்கள், போடிநாயக்கனூர் வழியாகவும் குரங்கணி மலைப்பாதை வழியாகவும் மேலேறின. டாப் ஸ்டேஷனிலிருந்து சமவெளி நோக்கித் தேயிலையை இறக்கிய கம்பிவடப் பாதையே உணவுப்பொருள்களை மேலேற்றவும் பயன்பட்டது. இதனுடன் இணைந்திருந்த குண்டளைப் பள்ளத்தாக்கு இரயில்பாதை 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் அழிந்தது.

கண்காணியும் கங்காணியும்

கண்காணி என்னும் சொல் தமிழ் ஆய்வாளருக்குப் புதிதன்று. சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயிற் காரியங்களை மேற்பார்வையிடுவோர் கண்காணி செய்வார் எனக் குறிக்கப்பெறுகின்றனர். ஒரு பொறுப்பை ஏற்றுச் செய்பவரும் அதனைக் கண்ணுற்றுச் சரிபார்ப்பவரும் வேறுவேறானோர் என்னும் நிருவாகக் கருத்து அவ்வழக்கில் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கை, மலேயா, தென்னிந்திய மலைத்தோட்டங்களில் இச்சொல் கங்காணி எனத் திரிந்து வழங்கியபோது அதன் பொருட்பரப்பு பெரிதும் மாறியது.

தோட்டத்துக் கங்காணி மேற்பார்வையாளர் மட்டும் அல்லர். அவரே ஊருக்குச் சென்று ஆள்சேர்ப்பவர். முன்பணம் கொடுத்துக் கடன் கணக்கு வைப்பவர். தம் ஆட்களின் வேலைநாட்களுக்கேற்பக் கம்பெனியிடம் தரகு பெறுபவர். பல வேளைகளில் அவர் தம் கூட்டத்தாரின் ஊர்க்காரராகவோ உறவினராகவோ இருந்தார். நோயும் சாவும் திருமணமும் நேர்ந்தவிடத்து முதலில் நாடப்பட்டவரும் அவரே.

இவ்வமைப்பில் இரு வேறு இலக்குகள் ஓர் ஆளுக்குள் வைக்கப்பட்டிருந்தன. ஆட்களைத் தவறாது வேலைக்கு இறக்குதல் கம்பெனியின் இலக்கு. உயிரோடும் உறவோடும் வாழ்ந்து, கடன் தீர்த்து ஊர் திரும்புதல் தொழிலாளரின் இலக்கு. துரை தமிழ்ச் சிற்றூரின் உறவுமுறைகளை அறிய வேண்டியதில்லை; கங்காணி அறிவார். தொழிலாளி கம்பெனியின் கணக்கை அறிய வேண்டியதில்லை, கங்காணி சொல்வார். முரண்பாடு எழுந்தபோது அது கம்பெனிக்கும் தொழிலாளிக்கும் இடையிலான வழக்காக வெளிப்படாமல், கங்காணிக்கும் அவர்தம் ஆளுக்கும் இடையிலான கடன் தகராறாகவோ உறவுப் பூசலாகவோ உருமாறியது. கங்காணியின் வருவாய் கம்பெனி தரும் தரகைச் சார்ந்திருந்தமையால், சமநிலை எப்பக்கம் சாய்ந்தது என்பதில் ஐயமில்லை.

சட்டம் தந்த இரட்டைப் பொறுப்பு

விடுதலைக்குப் பின் கங்காணி முறை படிப்படியாக ஒழிக்கப்பெற்றது. ஆயின் கங்காணி சுமந்திருந்த குடும்பப் பொறுப்புகள் அம்முறையோடு மறைந்துவிடவில்லை. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் அவற்றை நிறுவனத்தின் மீது ஏற்றியது. குடியிருப்பு, குடிநீர், மருத்துவம், குழந்தைக் காப்பகம், சிற்றுண்டிச்சாலை ஆகியவற்றைத் தோட்ட உரிமையாளர் வழங்குதல் கடமையாயிற்று. இதனால் தோட்டம் இலாபம் ஈட்டும் தொழிலகமாகவும் நலம் பேணும் ஊராட்சியாகவும் ஒருங்கே இயங்க வேண்டியதாயிற்று.

இந்த இரட்டைப் பொறுப்புக்கு இருமுகம் உண்டு. லயம் எனப்படும் வரிசை வீடு தொழிலாளருக்குச் சட்டம் தந்த உரிமை. அதே வீடு, குடும்பத்தில் ஒருவரேனும் தோட்டத்தில் பெயர்பதிந்து உழைத்தாலன்றி நிலைக்காதது. ஆகவே நலத்திட்டமே உழைப்பை மலையில் நிறுத்தி வைக்கும் கயிறாகவும் அமைந்தது. ஓய்வு பெறும் பெற்றோர் வீட்டைக் காக்கும் பொருட்டுப் பிள்ளைகளுள் ஒருவர் வேலைக்குச் சேர்தல் தோட்டங்களில் இயல்பான வழக்காயிற்று.

இதே காலத்தில் தொழிற்சங்கங்கள் வலுப்பெற்றன. கங்காணி இருந்த இடைநிலையில் சங்கத் தலைவர் வந்தமர்ந்தார். கூலி, தோட்டந்தோறும் பேசி முடிவு செய்யப்படுவதாக இல்லாமல், அரசு, உரிமையாளர், சங்கங்கள் ஆகிய முத்தரப்பும் அமரும் மாநிலத் தோட்டத் தொழிலாளர் குழுவில் தீர்மானிக்கப்படலாயிற்று. பின்னாளைய நிகழ்வுகளை விளங்கிக்கொள்ள இச்செய்தி இன்றியமையாதது.

நில உரிமையிலும் மாற்றம் நேர்ந்தது. 1971ஆம் ஆண்டின் கண்ணன் தேவன் மலை நில மீட்புச் சட்டத்தால் மலை நிலம் கேரள அரசின் உடைமையாயிற்று. 1972இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தை ஏற்றது. தேயிலை பயிரிடப்பட்ட பரப்பு கம்பெனியின் பயன்பாட்டில் தொடர்ந்தது. 1964இல் பின்லேயுடன் கூட்டுச் சேர்ந்த டாடா குழுமம், 1976இல் டாடா பின்லே என்ற பெயரில் தோட்டங்களை ஏற்று, 1983இல் டாடா டீ என்னும் தனி நிறுவனமாயிற்று.

2005: உழைப்பவர் கையில் பங்கு

டாடா டீ 2000இல் இங்கிலாந்தின் டெட்லி நிறுவனத்தை வாங்கியது. அதன்பின் அதன் நாட்டம் தேயிலை பயிரிடுவதிலிருந்து, வணிகப் பெயரில் தேயிலை விற்பதை நோக்கித் திரும்பியது. அதே ஆண்டுகளில் தேயிலை ஏலவிலை சரிந்து, தோட்டத்தொழில் தென்னிந்தியா முழுவதும் நெருக்கடிக்குள்ளாயிற்று. பீர்மேட்டில் பல தோட்டங்கள் கைவிடப்பட்டன. கூலியும் பணிக்கொடையும் நிலுவையில் நின்றன. மூணாற்றிலும் அந்நிலை நேரக்கூடும் என்னும் அச்சம் நிலவிய சூழலில் உருவானதே கண்ணன் தேவன் மலைத்தோட்டக் கம்பெனி. 2005 ஏப்ரல் முதல் அது தோட்டங்களை நடத்தத் தொடங்கியது.

பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பணியாளர் அதன் பங்குகளை வாங்கினர். மூன்றில் இரு பங்குக்கும் சற்று மிகுதியான உடைமை பணியாளரிடம் அமைந்தது. டாடா டீ சிறுபான்மைப் பங்கை வைத்துக்கொண்டது. பின்னாளில் அப்பங்கு 28.52 விழுக்காடாக உயர்ந்தது. தோட்ட அளவில் தொழிலாளரும் இடம்பெறும் ஆலோசனைக் குழுக்கள் ஏற்படுத்தப்பெற்றன. தோட்டம் மூடப்படாமல் வேலை தொடர்ந்தது என்பது இம்முறையின் முதற்பயன். பீர்மேட்டு நிலையோடு ஒப்பிட்டு நோக்குவார்க்கு அதன் அருமை விளங்கும்.

எனினும் எவை கைமாறின, எவை கைமாறவில்லை என்பதைப் பிரித்தறிதல் வேண்டும். கொழுந்து கிள்ளும் பணியும் ஆலையும் அவற்றின் இலாப நட்டமும் புதிய கம்பெனிக்கு வந்தன. நிலத்தின் உடைமை அரசிடம் இருந்தது. கண்ணன் தேவன் என்னும் புகழ்பெற்ற வணிகப்பெயர் டாடாவிடமே நின்றது. புதிய கம்பெனி ரிப்பிள் என்ற பெயரில் தன் தேயிலையை விற்றது. மூணாற்று மருத்துவமனையும் டாடாவின் பெயரிலேயே தொடர்ந்தது. தேயிலைத் தொழிலில் விலை ஏற்றத்தாழ்வின் சுமை மிகுதியாக விழுவது பயிரிடுவோர் மீது. நிலையான வருவாய் பெரிதும் சேர்வது வணிகப்பெயர் உடையாரிடம். பணியாளர் உடைமையாகப் பெற்றது, இடர் மிகுந்த முற்பகுதியையே எனலாம்.

பங்கின் கணக்கும் கூலியின் கணக்கும்

ஒரே ஆள் தொழிலாளியாகவும் பங்குதாரராகவும் இருக்கையில் அவர்தம் இரு நலன்களும் எவ்வளவு எடையுடையன என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தல் தகும். எடுத்துக்காட்டாக, ஒருவர் 3,000 ரூபாய் மதிப்புள்ள பங்கு வைத்திருப்பதாகவும், அதற்கு 10 விழுக்காடு ஈவுத்தொகை கிடைப்பதாகவும் கொள்வோம். ஆண்டுக்கு 300 ரூபாய் வரும். 2015இல் நாட்கூலி 232 ரூபாய். அதாவது, ஓராண்டின் ஈவுத்தொகை ஒன்றேகால் நாள் உழைப்புக்கு ஏறத்தாழ நிகர். நாட்கூலி 10 ரூபாய் உயருமாயின், ஆண்டுக்கு 300 நாள் வேலை செய்பவருக்கு 3,000 ரூபாய் கிடைக்கும். அது பத்தாண்டு ஈவுத்தொகைக்குச் சமம்.

பங்குதாரர் என்னும் நிலையில் கூலியைக் கட்டுப்படுத்துதல் நன்று எனத் தோன்றினும், உழைப்பவர் என்னும் நிலையில் அது பெரும் இழப்பு என்பதை இக்கணக்கு காட்டும். தொழிலாளர் தம் நிறுவனத்தின் நலனை உணரவில்லை என்னும் குற்றச்சாட்டு இக்கணக்கின் முன் நிற்காது. மேலும், கூலி மாநிலக் குழுவில் தீர்மானிக்கப்பட்டமையால், பங்குதாரர் என்ற முறையில் தமக்கு மிக வேண்டிய முடிவை எடுக்கும் வாய்ப்பு அவர்களுக்குத் தம் கம்பெனிக்குள் இருக்கவில்லை. கம்பெனி அளவில் பேசத்தக்கதாக எஞ்சியது போனஸ் ஒன்றே. 2015இல் பூசல் போனஸை முன்னிட்டு வெடித்தமைக்கு இதுவே அமைப்பு சார்ந்த காரணம்.

2015: பெம்பிளை ஒருமை

1965ஆம் ஆண்டுப் போனஸ் சட்டப்படிக் குறைந்த அளவு 8.33 விழுக்காடு, மிகுந்த அளவு 20 விழுக்காடு. முந்தைய ஆண்டில் மேலெல்லையை நெருங்கிய தொகை பெற்றிருந்த தொழிலாளருக்கு 2015இல் 10 விழுக்காடே அறிவிக்கப்பட்டது. விலை வீழ்ச்சியால் இலாபம் சரிந்தது என்பது நிருவாகத்தின் விளக்கம். செப்டம்பர்த் தொடக்கத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் வேலையை நிறுத்தி மூணாற்று வீதியில் அமர்ந்தனர். 20 விழுக்காடு போனசும் 500 ரூபாய் நாட்கூலியும் அவர்தம் கோரிக்கைகள். தொழிற்சங்கத் தலைவர்களைத் தம் போராட்டக் களத்துக்குள் அவர்கள் அனுமதிக்கவில்லை. சங்கத் தலைவர்கள் நிருவாகத்தோடு இணங்கிப் போயினர் என்பது அவர்கள் வெளிப்படையாகக் கூறிய குற்றச்சாட்டு. கோமதி, லிசி சன்னி, இந்திராணி ஆகியோர் முன்னின்றனர்.

பெம்பிளை ஒருமை என்னும் பெயர் மொழி ஆய்வுக்கும் உரியது. பெண்பிள்ளை என்பதன் பேச்சுத் திரிபு பெம்பிளை. ஒருமை என்பது மலையாளத்தில் ஒரும என வழங்கும்; ஐகார ஈறு தமிழ் வடிவம். தமிழிலக்கணத்தில் ஒருமை எண்ணைக் குறிப்பது; வழக்கில் மன ஒன்றிப்பையும் சுட்டும். இரு மொழியாரும் தத்தம் மொழியாகக் கேட்கத்தக்க இப்பெயர், இடைநிலையர் எவருமின்றித் தாமே ஒன்றாகப் பேசுதல் என்னும் போராட்டத்தின் கருத்தையும் உட்கொண்டுள்ளது. கங்காணி, சங்கத் தலைவர் என ஆடவரே வகித்து வந்த இடைநிலையை, கொழுந்து கிள்ளும் பெண்கள் அன்று மறுத்தனர்.

செப்டம்பர் 13இல் முதலமைச்சர் உம்மன் சாண்டி முன்னிலையில் உடன்பாடு ஏற்பட்டது. 8.33 விழுக்காடு போனசாகவும் 11.67 விழுக்காடு கருணைத்தொகையாகவும் மொத்தம் 20 விழுக்காடு வழங்க ஒப்புக்கொள்ளப்பட்டது. போனசின் சட்டக் கடப்பாட்டைக் குறைந்த அளவிலேயே நிறுத்தி, எஞ்சியதை மனமுவந்து தருவதாகக் காட்டிய இவ்வாய்பாடு, நிறுவனத்தின் கணக்கையும் தொழிலாளரின் கோரிக்கையையும் ஒருங்கே நிறைவு செய்ய முயன்றது. அக்டோபரில் நாட்கூலி 301 ரூபாய் என மாநில அளவில் முடிவாயிற்று. அவ்வாண்டு நவம்பரில் நடந்த உள்ளாட்சித் தேர்தலில் பெம்பிளை ஒருமை சில இடங்களை வென்றது. பின்னர் அது பிளவுற்று வலுவிழந்தது.

இப்போராட்டத்தில் எவரும் பங்குதாரர் என்ற உரிமையை முன்னிறுத்திப் பேரவையைக் கூட்டுமாறு கோரவில்லை என்பது கருதத்தக்கது. பெரும்பான்மைப் பங்கு தம்மிடம் இருந்தும் தெருவே அவர்களுக்குப் பேரவையாயிற்று. பங்கு சிறு சேமிப்பாகத் தரப்பட்டதேயன்றி ஆளுகைக்குரிய குரலாக உணரப்படவில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

வீடு என்னும் எஞ்சிய வினா

2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு, இக்கம்பெனியின் நயமக்காடு தோட்டத்தைச் சார்ந்த பெட்டிமுடியில் நிலச்சரிவு நேர்ந்து லயங்கள் மண்ணுள் புதைந்தன. எழுபதுபேர் மாண்டனர். இறந்தோருள் பலர் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு வட்டாரத்தைப் பூர்விகமாகக் கொண்ட குடும்பத்தினர். பல தலைமுறை உழைத்தும், 15 ஆண்டுகள் பங்கு வைத்திருந்தும், அம்மலையில் சொந்த நிலமோ வீடோ இல்லாதவர் நிலையை இந்நிகழ்ச்சி நாடறியச் செய்தது. நிலம் அரசினது, லயம் கம்பெனியினது, கம்பெனி தொழிலாளரது என்னும் மூன்றடுக்கு உடைமையில், குடியிருப்பவருக்கு வீட்டைப் பற்றி முடிவெடுக்கும் உரிமை எவ்வடுக்கிலும் அமையவில்லை.

பிற இடங்களின் பட்டறிவு

இத்தகைய கலப்பு முயற்சிகள் பிற இடங்களிலும் நிகழ்ந்துள்ளன. இலங்கையில் 1970களில் நாட்டுடைமையான தோட்டங்கள் 1992 முதல் தனியார் நிருவாகத்துக்கு வந்தன. பின்னர் உடைமை விற்கப்பட்டபோது 10 விழுக்காடு பங்குகள் தொழிலாளருக்கு இலவசமாக ஒதுக்கப்பட்டன. எனினும் கூலிப் போராட்டங்கள் அங்கு ஓயவில்லை.

தமிழ்நாட்டில், 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து திரும்பியோரை வாழ்விக்க வனத்துறை 1968இல் தொடங்கிய தேயிலைத் திட்டம், 1976இல் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாயிற்று. மறுவாழ்வும் வணிகமும் அதன் இரட்டை இலக்குகள். நட்டம் மிக்கு, 2022இல் தோட்டப் பரப்பின் ஒரு பகுதியை வனத்துறைக்கே திருப்பியளிக்க முடிவு செய்யப்பட்டபோது, முதல் இலக்கை நம்பி வந்தோர் இரண்டாவதன் விலையைச் செலுத்த நேர்ந்தது.

அசாமில் டாடா குழுமம் தன் தோட்டங்களைப் புதிய நிறுவனமொன்றுக்கு மாற்றித் தொழிலாளருக்கும் பங்கு அளித்தது. உலக வங்கிக் குழுமத்தின் நிதிக்கழகம் 2009இல் அதில் முதலீடு செய்தது. அக்கழகத்தின் குறைகேள் அமைப்பு 2016இல் வெளியிட்ட ஆய்வறிக்கை தொழிலாளர் வாழ்நிலையையும் பங்கு வழங்கிய முறையையும் குறித்து வினா எழுப்பியது. மேற்கு வங்கத்தின் சோனாலி தோட்டத்தில் 1970களின் நடுவில் தொழிலாளரே கூட்டுறவாகச் சில ஆண்டுகள் தோட்டம் நடத்தினர். அங்கு ஆளுகையும் உழைப்பும் ஒரே கையில் இருந்தன. ஆயின் நிலத்தின் சட்ட உரிமை உறுதிப்படாமையால் அம்முயற்சி நிலைக்கவில்லை.

முடிவுரை

மேற்கண்ட செய்திகளால் அறியலாகும் கருத்துகள் வருமாறு:

கங்காணி முறை, 1951ஆம் ஆண்டுச் சட்டம், 2005ஆம் ஆண்டுப் பங்கு முறை ஆகிய மூன்றும் உற்பத்தி, நலவாழ்வு என்னும் இரு இலக்குகளை ஒருங்கிணைக்க முயன்ற கலப்பு வடிவங்கள். முதலாவது முரண்பாட்டைக் கங்காணிக்குள்ளும், இரண்டாவது நிறுவனத்துக்குள்ளும், மூன்றாவது தொழிலாளருக்குள்ளும் வைத்தது.

2005ஆம் ஆண்டு மாற்றம் தோட்டங்களையும் வேலையையும் காத்தது. இதனைக் குறைத்து மதிப்பிடுதல் தகாது. ஆயின் கூலி, வீடு, நிலம், வணிகப்பெயர் ஆகியவற்றின் மீதான முடிவுரிமை பங்கோடு சேர்ந்து வரவில்லை.

2015ஆம் ஆண்டுப் போராட்டம் உடைமையாளர் தம் உடைமைக்கு எதிராகச் செய்த முரண்செயல் அன்று. ஆளுகை உரிமை சேராத உடைமையின் எடை எவ்வளவு என்பதைக் கொழுந்துக் கூடை சுமந்தோர் தம் கணக்கில் அறிந்து வெளிப்படுத்திய நிகழ்வு அது.

கல்வெட்டுக் காலத்துக் கண்காணி பிறர் பொறுப்பைச் சரிபார்த்தவர். தோட்டத்துக் கங்காணி பிறர் உழைப்பைச் சரிபார்த்தவர். தாம் உழைக்கும் நிறுவனத்தின் கணக்கையும் வீட்டையும் நிலத்தையும் தாமே கண்காணிக்கும் நிலை தொழிலாளருக்கு வாய்க்கும்போதே பங்குதாரர் என்னும் சொல் இம்மலையில் முழுப்பொருள் பெறும்.